புள்ளுக்குக் கிடைத்த கொள்ளி: மாறனேரி நம்பி கதையை முன்வைத்துச் சில கேள்விகள்

1

"சாமி கும்புட்டா மனசுல பாரம் கொறையுது" என்று சேரியில் ஒரு பெண் சொன்னால் நம் தோழர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. மூடநம்பிக்கை என்று ஒரு முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்தப் பக்கம் ஆன்மிகப் பத்திரிகைகளோ அதே பெண்ணின் படத்தைப் போட்டு, பக்தி இருக்கிற இடத்தில் கவலை இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. திட்டுகிறவரும் சரி, மெச்சுகிறவரும் சரி, கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. அது என்ன பாரம்? அதை அவள் தலையில் ஏற்றியது யார்? அவள் இறக்கி வைத்த இடம் எது?

மதத்தை அபினி என்று மார்க்ஸ் எழுதி 1844இல் அச்சானது எல்லாருக்கும் தெரியும். அதே இடத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். நாம் அபினியைப் பிடித்துக்கொண்டோம், பெருமூச்சை விட்டுவிட்டோம். பெருமூச்சு விடுகிற சனங்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களால் அப்படி விட்டுவிட முடியாது.

'கவலை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சங்கப் பாட்டில் கவலை என்றால் கவர்த்த வழி, பாதை பிரிகிற இடம். இதை எம்.ஏ. வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். என் ஆயாவுக்குக் கவலை என்றால் கிணற்றில் மாடு பூட்டி இறைக்கிற ஏற்றம். சரிவில் மாடு இறங்கும், திரும்பப் பின்னாலேயே ஏறும். நாள் பூரா நடந்தாலும் இருந்த இடத்தைவிட்டு அந்தாண்ட போகாது. எங்கள் தெருவில் கவலைக்கு மூன்றாவதாக ஒரு பொருள் இருந்தது. அதற்குத் தேதியும் தொகையும் உண்டு. வட்டி எப்போ, வாங்கின முன்பணம் எவ்வளவு, பையன் இன்னும் எத்தனை வருசம் தறியில் உட்கார வேண்டும். மனநோய் மருத்துவர் சொல்கிற காரணம் தெரியாத பதற்றம் வேறு. சேரியின் கவலைக்குக் காரணம் தெரியும், பெயர் தெரியும், வீடுகூடத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் முடியாது.

ஆகவே ஒரு மதம், ஒரு சாமி, ஒரு கதை நம் கவலையை என்ன செய்கிறது என்று பார்க்க நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். பழியை அது யார்மேல் போடுகிறது? கவலைப்படுகிற ஆளை அது யாரோடு சேர்க்கிறது?

2

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில், பாலுச்செட்டி சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. 108 வைணவத் திருப்பதிகளில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். பெருமாள் விஜயராகவர், தாயார் மரகதவல்லி. இராமானுசர் இளவயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்பது வைணவ மரபு. புள் என்றால் பறவை. சீதைக்காகச் சண்டை போட்டு இராவணன் கையால் வெட்டுப்பட்டு விழுந்த சடாயுவுக்கு, மகன் ஸ்தானத்தில் நின்று இராமன் கொள்ளி வைத்த இடம் என்று தலபுராணம் சொல்கிறது. (சோழநாட்டுப் புள்ளிருக்குவேளூரும் இதே கதைக்கு உரிமை கொண்டாடுகிறது.) சிதையின் சூடு தாங்காமல் தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றுகூடக் கதை உண்டு.

மனுசருக்குப் பெரிய கவலைகள் இரண்டு. பிறப்பு ஒன்று, சாவு ஒன்று. இந்த ஊர்க் கோயில் இரண்டையும் கையில் வைத்திருக்கிறது. சாவுக்குச் சடாயு, பிறப்புக்குத் தாயாரின் பயறு. பிள்ளையில்லாத பெண்கள் இங்கே வந்து வேண்டிக்கொள்வார்கள். மடைப்பள்ளியில் வறுத்த பயறை நனைத்து இரவு மடியில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். விடியும்போது முளை விட்டிருந்தால் பிள்ளை பிறக்கும். வறுத்த பயறையும் முளைக்க வைக்கிற தாயார் என்பது மரகதவல்லியின் புகழ்.

வறுத்தது முளைக்குமா என்று தாவரவியல் பேச நான் வரவில்லை. பிள்ளையில்லை என்று தினம் தினம் குத்திக்காட்டும் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் கிளம்பி வருகிறாள். அவளைப் போலவே வந்த நாலு பெண்களோடு ஒரு ராத்திரி கழிக்கிறாள். அந்த ராத்திரி அவளுக்கு ஆறுதல்தான். அதைக் கேலி செய்கிறவர்கள், செயற்கைக் கருத்தரிப்புக்கு லட்சக்கணக்கில் கேட்கிற இன்றைய மருத்துவமனை வாசலில் ஒரு கூலிக்காரியை நிற்க வைத்துப் பார்க்கட்டும். என் கேள்வி விடிந்த பிறகு. முளைத்தவள் சிரித்துக்கொண்டு போவாள். முளைக்காதவள்? நேற்றுவரை மாமியார் சொன்னதை இன்றைக்குத் தெய்வமும் சொல்லிவிட்டதாகத்தானே ஆகிறது? ஆணுக்குக் குறை இருக்கலாம் என்பது அந்தப் பயறுக்குத் தெரியாது. கட்டுவது பெண்ணின் மடியில், தீர்ப்பும் பெண்ணின் உடம்பின்மேல். என் முதல் கேள்விக்குப் பதில் இங்கே பச்சையாகவே கிடைத்துவிடுகிறது.

கென்னத் பர்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மதத்தையும் துன்பத்தைத் தாங்குவதையும் பற்றிப் பல காலம் ஆராய்ந்தவர். 1997இல் பெரிய புத்தகமே போட்டார். கடவுள் என் பக்கத்தில் இருக்கிறார், நானும் அவரும் சேர்ந்து சமாளிப்போம் என்று நினைக்கிறவர்களுக்கு நம்பிக்கை கைகொடுக்கிறது. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று நினைக்கிறவர்களுக்கு அதே நம்பிக்கை துன்பத்தைக் கூட்டுகிறது. அவருடைய ஆய்வுகளின் சாரம் இது. முன்வினை என்ற சொல்லோடு பிறந்து வளர்கிற நாட்டில் இதைச் சொல்ல அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 'போன பிறவியில் நீ செய்த பாவம்' என்பதைவிடப் பெரிய கைவிடல் எது? சாதியை ஏற்றிவைத்த பாரத்துக்கு, சுமக்கிறவனையே காரணமாக்குகிற ஏற்பாடு அது.

3

இனி சடாயுவுக்கு வருகிறேன். கடவுளே ஒரு பறவைக்குக் கொள்ளி வைத்தான் என்கிற இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு, வைணவ மரபுக்குள் ஒரு கலகம் நடந்திருக்கிறது. குருபரம்பரைக் கதைகளில் வரும் மாறனேரி நம்பி கதை அது.

மாறனேரி நம்பி, ஆளவந்தாரின் சீடர். பிறப்பால் தீண்டாதவர் என்பதே பரவலாக வழங்குகிற கதை. நான்காம் வருணத்தவர் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆளவந்தாருக்கு ராஜபிளவை வந்து வேதனைப்பட்டபோது, அந்த நோயைக் குருவின் பிரசாதமாகக் கேட்டு வாங்கித் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டார். அந்த நோயோடு சாகக் கிடக்கிறபோது வலி அவரைக் கலக்கவில்லை. ஒரே கவலைதான். தான் செத்த பிறகு, வைணவம் ஏற்காத தன் சொந்தக்காரர்கள் வந்து உடம்பைத் தொட்டுக் காரியம் செய்துவிடுவார்களே என்பது. தேவர்களுக்கான வேள்வி உணவை நாய்க்குப் போட்டதுபோல் அது ஆகிவிடும் என்று தன்னோடு படித்த பெரிய நம்பியிடம் முறையிடுகிறார். பெரிய நம்பி பிராமணர். அவரே முன்னின்று இறுதிச் சடங்கைச் செய்கிறார். ஸ்ரீரங்கத்துப் பிராமணர்கள் அவரை ஒதுக்கிவைக்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தீர் என்று இராமானுசர் கேட்க, இராமன் சடாயுவுக்குச் செய்யவில்லையா, தருமன் விதுரனுக்குச் செய்யவில்லையா, நான் அவர்களைவிட உயர்ந்தவனா, நம்பி இவர்களைவிடத் தாழ்ந்தவரா என்று திருப்பிக் கேட்கிறார் பெரிய நம்பி.

இந்தக் கதையை மேடைகளில் சமத்துவத்துக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். பெரிய நம்பி செய்தது சின்னக் காரியம் இல்லை, அதற்கு அவர் விலையும் கொடுத்தார். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் இதுவரைக்கும் இந்தப் பிரதியைப் பெரிய நம்பியின் பக்கம் நின்றே வாசித்திருக்கிறோம். பாயில் கிடக்கிறவரின் பக்கம் உட்கார்ந்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது.

பிளவை நோயின் எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளும் தெம்பை அவருக்கு நம்பிக்கை கொடுத்தது. சாவு பயத்தையும் போக்கியது. இதுவரைக்கும் மதம் தன் வேலையைச் செய்தது என்றே சொல்லலாம். ஆனால் எடுத்துக்கொண்ட கவலைக்குப் பதிலாக வேறொரு கவலையை அது வைத்துவிட்டுப் போயிருக்கிறது. சேரியில் பிறந்த ஒருவனுக்கு வரவே வாய்ப்பில்லாத கவலை அது: என் அம்மா வழி, அப்பா வழி ஆட்கள் என்னைத் தொட்டுவிடக் கூடாது! பிறந்தபோது குளிப்பாட்டிய கைகள், செத்தபிறகு தீட்டாகிவிட்டன. தன்னைத் தீண்டாதவனாக ஆக்கியவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட பயத்தை, அவர் தன் சனங்களின்மேல் திருப்பிவிடுகிறார். பழி யார்மேல் விழுகிறது? நாய் என்ற உவமை யார்மேல் விழுகிறது? யாரோடு சேர்கிறார், யாரிடமிருந்து பிரிகிறார்? பாதை பிரிகிற இடம் என்ற பழைய பொருளில் இதுதான் அசல் கவலை.

பெரிய நம்பியின் நியாயத்தையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இராமன் பறவைக்குச் செய்தான், அதனால் நான் இவருக்குச் செய்யலாம். பக்தியிலும் கல்வியிலும் தனக்குச் சமமான ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்கு ஒரு பறவையைக் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. மனுசன் என்ற ஒரு காரணம் போதவில்லை.

நந்தன் கதையும் இந்தத் தடத்தில்தான் போகிறது. 'நாளைப் போவேன்' என்று ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி, திருநாளைப்போவார் என்று அவருக்குப் பெயரே ஆகிவிட்டது. ஏக்கமும் கவலையும் ஒரு ஆளின் பெயராகவே ஆன கதை உலகத்தில் வேறெங்கே இருக்கிறதோ தெரியவில்லை. சேக்கிழாரிடம் அந்தக் கவலைக்குக் காரணம் அவருடைய பிறப்பு. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி ஒரு வேதியர் பண்ணையாரைக் கொண்டுவந்து, நாற்பது வேலி அறுவடையையும் சேர்த்தார். அந்த அளவுக்குக் கவலைக்கு ஒரு முதலாளி கிடைத்தார். ஆனால் அறுப்பைக் கடவுள் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டதால் பண்ணையாரோடு கணக்குப் பேச வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. கடைசியில் நெருப்பில் இறங்குவது நந்தன் மட்டும்தான். சேரி வெளியே நிற்கிறது.

இரண்டு கதைகளிலும் நம்மவர் தனி ஆளாகத்தான் தெய்வத்திடம் போகிறார். கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்து அவருடைய கவலையை மட்டும் தீர்ப்பது பெருந்தெய்வத்தின் வழக்கமாக இருக்கிறது.

4

'இதெல்லாம் பழங்கதை, இப்ப எதுக்கு?' என்று கேட்கலாம். எங்கள் பக்கத்துக் கிழவிகளிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தால் தெரியும். நோய்நொடி பற்றி அவர்கள் அவ்வளவு கவலைப்படுவதில்லை. "மழ காலத்துல செத்துடக் கூடாது சாமி" என்று ஒரு கிழவி என்னிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "அவனுங்க நெலத்து வழியா வுட மாட்டானுங்க. ஏரிக் கால்வாயில தண்ணி ஓடும். என்னத் தூக்கிக்கினு புள்ளைங்க கழுத்தளவு தண்ணியில எறங்கணும்." சொர்க்கமா நரகமா என்ற விசாரம் அவளுக்கில்லை. சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும், அவ்வளவுதான்.

திருப்புட்குழிப் பக்கமாகப் போகிற அதே பெங்களூர் சாலையில் மேற்கே போனால் வாணியம்பாடி. 2019 ஆகஸ்டில், அப்போது வேலூர் மாவட்டமாக இருந்த அந்தப் பகுதியில், நாராயணபுரத்துத் தலித் மக்கள் ஒரு உடலைக் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து கீழே இறக்கினார்கள். மயானத்துக்குப் போகும் வழி ஆதிக்கச் சாதியாரின் நிலத்தில் அடைபட்டுக் கிடந்ததால். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கிறித்தவத்துக்குப் போனவர்களுக்காவது விட்டதா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நின்ற சாதிச் சுவர் ஊரறிந்தது.

சாலையின் ஒரு முனையில், பறவைக்குக் கடவுள் கொள்ளி வைத்த கதையைக் கேட்டு மனம் உருகுகிறார்கள். இன்னொரு முனையில் மனுசப் பிணம் கயிற்றில் தொங்குகிறது. பறவைக்கு உருகுகிற மனசு கயிற்றில் தொங்குகிறவனுக்கு ஏன் உருகவில்லை என்று கேட்பது எளிது. உருகுவதையெல்லாம் கதையிலேயே உருகி முடித்துவிடுகிறார்களோ என்பது என் சந்தேகம்.

5

எங்கள் தெருவுக்கு ஒரு கங்கையம்மன் உண்டு. ஆடியில் கூழ் ஊத்துவோம்.

என் அண்ணனைத் தறிக்கு விட்டபோது அவனுக்கு ஒன்பது வயசு. காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வாங்கித் தள்ள இன்னொரு கை வேண்டும். சின்னக் கையாக இருந்தால் கூலி குறைவு. அக்கா கல்யாணத்துக்கு வாங்கின முன்பணத்துக்காக அவன் அந்தக் குழியில் கால் விட்டு உட்கார்ந்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. 2003 ஜனவரியில்கூட, இந்தியப் பட்டுத் தொழிலில் சிக்கிய கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருந்தது. அவர்களில் தலித் பிள்ளைகள் அதிகம் என்றும் அது பதிவு செய்தது.

என் அம்மா ராத்திரியில் தூங்க மாட்டாள். யாரிடமும் பேசவும் மாட்டாள். ஒரு ஆடியில் பம்பை அடிக்கும்போது அவள்மேல் சாமி வந்துவிட்டது. "எம் புள்ளய தறியில வெச்சிக்கினு எங்கிட்டயே கணக்கு சொல்றியாடா? எத்தினி பொடவடா நெஞ்சான் அவன்? எட்றா உன் நோட்ட!" என்று கத்தினாள். தறிக்காரர் அங்கே இல்லை. ஆனால் தெரு பூரா இருந்தது. அதே தறிகளில் பிள்ளைகளை விட்டிருந்த இன்னும் ஏழெட்டு வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அம்மா சாதாரணமாக இந்த வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் அப்பாவே வாயை மூடு என்றிருப்பார். சாமி சொன்னதால் கேட்டார்கள். அடுத்த வாரம் நாலு பேர் சேர்ந்து போய்க் கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னார்கள். அதுவரை அந்த நோட்டைப் பார்க்கலாம் என்றே ஒருவருக்கும் தோன்றியதில்லை.

கடன் அதோடு தீர்ந்துவிடவில்லை. அண்ணன் மேலும் இரண்டு வருசம் தறியில் இருந்தான். சேரிச் சாமியெல்லாம் புரட்சிச் சாமி என்று கதைகட்டவும் நான் தயாரில்லை. இதே சாமிதான் விதவையைத் தள்ளி நிற்கச் சொல்லும், வயசுப்பெண் கொஞ்சம் எதிர்த்துப் பேசினால் பேய் என்று வேப்பிலையால் அடிக்கும். ஆனால் அன்றைக்கு நடந்ததை என் இரண்டு கேள்விகளோடு ஒட்டிப் பார்க்கிறேன். பழி, போட வேண்டிய இடத்தில் விழுந்தது. அம்மா தனியாக இல்லை. மாறனேரி நம்பியின் பக்தி அவரைத் தன் சனங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது. எங்கள் அம்மன் என் அம்மாவின் வாயைத் திறந்து சனங்களுக்கு நடுவில் விட்டது. தூக்கமும் அதற்குப் பிறகுதான் வந்தது அவளுக்கு.

6

இதே பிரச்சினையை மதத்துக்கு உள்ளேயிருந்து எழுதிய புத்தகம் 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு'. அதைச் சாதிக்கொடுமைப் பதிவு என்று மட்டும் படித்துவிட்டு வைத்துவிடுகிறோம். ஒரு பெண்ணின் பக்தி படிப்படியாக எப்படி மாறுகிறது என்பதன் வரலாறும் அது. சின்ன வயசில் பேய் பயம், பாவ பயம், பாவசங்கீர்த்தன பயம். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தால் அங்கேயும் சாதி, வசதி, கீழ்ப்படிதல். பிறகு வெளியே வருகிறாள், கையில் ஒன்றுமில்லாமல். கவனிக்க வேண்டியது, அவள் மடத்தைத்தான் விடுகிறாள். அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிற இயேசுவை அவள் விடவில்லை. பணிந்து போகச் சொல்கிற இயேசுவை மடம் காட்டியது, கோபப்படுகிறவரை மறைத்தது என்று அவள் கண்டுபிடிக்கிறாள். மடத்துக்குள் சோறும் பாதுகாப்பும் இருந்தும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியே வேலையில்லை, நாளைக்கு என்ன என்று தெரியாது. ஆனால் கவலைக்குக் காரணம் தன் பாவம் என்ற எண்ணம் போய்விட்டது. மிச்சமிருக்கிற கவலையைச் சுமக்க முடிகிறது.

அம்பேத்கர் இதை இன்னும் அடியிலிருந்து செய்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு அவர் பௌத்தம் ஏற்றதைப் பேசுகிறோம். அவர் இறந்தபின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் புத்தரின் கதையையே அவர் மாற்றி எழுதியதைப் போதுமான அளவு பேசவில்லை. கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்து மனம் கலங்கி சித்தார்த்தன் வீட்டைவிட்டுப் போனான் என்பது வழக்கமான கதை. இருபத்தொன்பது வயசுவரை ஒருத்தன் இவற்றைப் பார்க்காமலா இருந்திருப்பான் என்று அம்பேத்கர் அதைத் தள்ளிவிடுகிறார். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் வந்த சண்டை, அதில் போர் வேண்டாம் என்று நின்றதால் வந்த நாடுவிடல் என்று கதையைத் திருப்புகிறார். பிறப்பே துக்கம், வாழ்வே துக்கம் என்று சொல்லும் மதம் மனுசனுக்கு என்ன நம்பிக்கை தரும் என்றும் முன்னுரையில் கேட்கிறார். கவலையின் ஊற்றை உடம்பிலிருந்து எடுத்து ஊரில் வைக்கிறார். மூப்பை ஒழிக்க முடியாது, தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்கலாம். லட்சக்கணக்கானவர்கள் ஒன்றாக நின்று ஏற்றதால், நந்தனைப் போல ஒருவரும் தனியாக நெருப்பில் இறங்க வேண்டியிருக்கவில்லை.

மதமே இல்லாமல் கவலையைச் சமாளிக்க முடியாதா என்றால், முடிகிறவர்கள் இருக்கிறார்கள். பெரியாரின் தொண்டர்களாக வாழ்ந்து செத்த கிழவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் ஒரு கூட்டம் இருந்தது, பழியைப் போட ஒரு இடம் தெரிந்திருந்தது. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதைவிட இந்த இரண்டும் இருக்கிறதா என்பதுதான் ராத்திரித் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் துணிபு.

7

குருபரம்பரைக் கதைகளை எழுதியவர்கள் மாறனேரி நம்பியின் கவலையை எழுதினார்கள், பெரிய நம்பியின் வாதத்தை எழுதினார்கள், இராமானுசரின் கேள்வியை எழுதினார்கள். நம்பியின் அக்கா தங்கச்சிகள் என்ன ஆனார்கள்? உடம்பைத் தொடவிடாமல் விலக்கப்பட்டபோது அவர்கள் எங்கே நின்றார்கள்? நம் வழக்கப்படி நிச்சயம் ஒப்பாரி வைத்திருப்பார்கள். அந்த ஒப்பாரியில் பெரிய நம்பிக்கு நன்றியும் இருந்திருக்கலாம், வசவும் இருந்திருக்கலாம். யாரும் குறித்துவைக்கவில்லை.

நம் ஆய்வாளர்கள் பக்தி இலக்கியத்தில் சமத்துவம் தேடிக் களைத்தது போதும். சாவு வீட்டில், கூழ் ஊத்துகிற இடத்தில், தறிக் கொட்டகையில் பெண்கள் சாமியிடம் என்ன சொல்கிறார்கள் என்று போய்க் கேட்க வேண்டும். யார் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள், எந்தக் கணக்கைக் கேட்கிறார்கள், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். நம் கவலையின் வரலாறு அதில்தான் இருக்கிறது.

திருப்புட்குழித் தலபுராணத்தையும் அப்படியே ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கொள்ளி வைத்தவன் பெயர் இருக்கிறது. கொள்ளி பெற்ற பறவையின் பெயர் இருக்கிறது. முகம் திருப்பிக்கொண்ட தேவியின் பெயரும் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே ஒரு குழி இருக்கிறது. பிணத்துக்குக் குழி தோண்டுகிற வேலையை இந்த நாட்டில் யார் தலையில் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் குழியைத் தோண்டியவன் பெயரைத்தான் காணோம்.